மூத்தவன் குக்கர் வாங்கி வந்த கதை

வருடத்துக்கு ஒரே ஒரு புத்தகம்தான் படிப்பீர்களா என்று கேட்கிறவர்கள், முதலில் ஒரு மூட்டை சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துவிட்டு வந்து கேட்கட்டும், பதில் சொல்கிறேன். எங்கள் ஊர் பெரம்பலூருக்கு வடக்கே, ரஞ்சன்குடிக்குப் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம், இவ்வளவுதான் எங்கள் வெள்ளாமை. பருத்தி எடுக்கும்போது நடந்துகொண்டே இருக்கவேண்டும். மக்காச்சோளத்தை மெஷின் அடித்துக் கொடுத்துவிடும். உட்கார்ந்த இடத்தில் கைக்கு மட்டும் வேலை, காது சும்மா இருக்கிறது என்றால் அது வெங்காயத்தில்தான். ஐப்பசியில், பிடுங்கிக் காயவைத்த வெங்காயத்துக்குக் காய்ந்த இலைத் தாளையும் வேரையும் அறுப்போம். வைகாசியில், நடவுக்கு முன்னால் விதை வெங்காயத்தைப் பல் பல்லாகப் பிரிப்போம். இந்த இரண்டு காலத்திலும்தான் எங்கள் புத்தகம் நடக்கும். மற்ற மாதமெல்லாம் பரணில் கிடக்கும்.

நாங்கள் மூன்று பேர். நான், என் ஓர்ப்படியா, மேலக்கொல்லை அண்ணி.

ஓர்ப்படியா என் கணவரின் அண்ணன் மனைவி. ஒரே களத்துக்கு அந்தப் பக்கம் அவள் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. பாகம் பிரித்தபோது கிணற்றையும் எங்கள் சண்டையையும் மட்டும் பொதுவில் விட்டுவிட்டார்கள். அவளுக்கு வெங்காயச் சருகு ஆகாது. கை பட்டால் மணிக்கட்டுவரை கொப்பளித்துவிடும். அறுக்கிற வேலையில் சும்மா உட்கார்ந்திருந்தால் ஊர் சிரிக்குமே என்று ஒரு வருடம் அவள் புத்தகத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து வாசிக்கிற வேலை அவளுடையது. எனக்கு அதில் இன்றைக்கும் மனத்தாங்கல் உண்டு. அரியலூரில் காலேஜ் போய்த் தமிழ் பி.ஏ. படித்தவள் நான். அவள் பன்னிரண்டாவது. குரலும் பஸ் ஸ்டாண்டு மைக் மாதிரி இருக்கும். ஆனால் நான் வாசித்தால் என் பங்கு வெங்காயத்தை யார் அறுப்பது?

அது மட்டுமில்லை, எழுதுகிறவள் என்று பெயரெடுத்தவளும் நான்தான். காலேஜ் நாளிலிருந்து கதை எழுதி வாரப் பத்திரிகைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒன்றே ஒன்று அச்சில் வந்தது, அதுவும் பாதியை வெட்டி. வந்த அன்று என் மாமனார் அதை எல்லோருக்கும் காட்டினார். ஓர்ப்படியா படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்க முடியுதுன்னே தெரியலயே" என்றாள். வெட்டியது பத்திரிகைக்காரர்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு ஏறவில்லை.

மேலக்கொல்லை அண்ணி எங்களுக்கு உறவில்லை. எங்கள் நிலத்துக்கு மேற்கே அவர் நிலம். அவர் வீட்டு வேலைக்கு நாங்கள் போவோம், எங்கள் வீட்டு வேலைக்கு அவர் வருவார். பல வருடமாக அப்படித்தான் ஆள் மாற்றிக்கொள்கிறோம். அவருக்கு ஒரே பையன். டிப்ளமோ முடித்துவிட்டு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக்கு ஒப்பந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு மழை நாளில் பைக்கில் திரும்பி வரும்போது லாரியில் மாட்டிக்கொண்டான். இருபத்து மூன்று வயது. நான் அவனுக்கு அரைஞாண் கட்டியதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவன் இறந்த வருடம் அண்ணி எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. வெங்காயத்துக்கு மட்டும் வந்தார், ஆள் மாற்று விட்டுப்போகக் கூடாது என்பதற்காக. கத்தியும் கையுமாக உட்காருவார். பேச மாட்டார். ஓர்ப்படியா வாசிக்கும்போது மட்டும் நடுநடுவே "ம்" கொட்டுவார். நாள் முழுக்க அவர் வாயிலிருந்து வந்த சத்தம் அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் முன்கூட்டிப் படிக்கக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். ஆரம்ப காலத்தில் ஓர்ப்படியா ஒரு கொலைக் கதையை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு, மறுநாள் வந்து உட்காரும்போதே "அந்த டாக்டர்தான்டி கொன்னவன்" என்றாள். பாதி மூட்டை அறுக்கும்வரை நான் அவளோடு பேசவில்லை. அதற்குப் பிறகு, வாசிக்கிற காலத்தில் புத்தகம் எங்கள் பட்டறையில்தான் இருக்கும். பட்டறை என்றால் வெங்காயம் காற்றாடக் கிடப்பதற்கு மூங்கிலும் காய்ந்த பருத்திச் செடிக் குச்சியும் வைத்துக் கட்டிய கொட்டகை. அதன் குறுக்குக் கம்பில் ஒரு மஞ்சப்பையில் புத்தகம் தொங்கும். முடிந்த புத்தகம் மட்டும் ஒருவர் வீட்டுக்குப் போகும். வருடத்துக்கு ஒருவர் என்று முறை வைத்திருக்கிறோம்.

நான் சொல்லவந்த புத்தகத்தை, அவன் போய் இரண்டாவது வருடம், டவுனில் புத்தகத் திருவிழா போட்டபோது நான்தான் வாங்கினேன். கனமாக இருந்தது, இரண்டு காலத்துக்கும் தாங்கும் என்று நினைத்தேன். பழைய காலத்துக் கதை. கடலோரத்தில் உப்பளத்துக் குடும்பம் ஒன்று. அம்மா, அப்பா, மூன்று பிள்ளைகள். மூத்தவன் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கும் வேலைக்குப் போகிறான். ஐப்பசியில் ஆரம்பித்தோம். மழை ஈரம் ஏறுவதற்குள் அறுத்து முடிக்கவேண்டும் என்று கை ஓடுகிறது, அவள் குரலும் ஓடுகிறது. மூத்தவன் துறைமுகத்துக்குப் போன பிறகு கதை சூடுபிடித்துவிட்டது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு குக்கர் வாங்கிக்கொண்டு ஊருக்கு வருகிறான். அந்த அம்மா குக்கரைக் கண்டதே இல்லை. பருப்பைப் போட்டு அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் வந்து உட்காருகிறாள். விசில் அடித்ததும் பாம்பு சீறுகிறது என்று கத்திக்கொண்டு ஓடுகிறாள். கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. மூத்தவன் அம்மாவைப் பிடிப்பதா ஆட்டைப் பிடிப்பதா என்று தெரியாமல் நடுத்தெருவில் நின்று சிரிக்கிறான்.

அண்ணி சிரித்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பழைய காலத்துக் கதையில் குக்கர் எப்படி வந்தது என்று பி.ஏ. படித்த எனக்கும் தோன்றவில்லை.

கார்த்திகையில் அறுப்பு முடிந்தது. புத்தகம் என் வீட்டுப் பரணுக்குப் போனது. எனக்கு மட்டும் அந்தக் குக்கர் காட்சி மனதைவிட்டுப் போகவில்லை. எழுதினால் இப்படி எழுதவேண்டும் என்று புழுங்கினேன். அந்த எழுத்தாளர்மேல் பொறாமை என்றால் அப்படியொரு பொறாமை. ஆட்டை எந்த இடத்தில் கொண்டுவருகிறார், அம்மாவை எந்த வார்த்தையில் ஓடவிடுகிறார் என்று பார்த்துக் கற்றுக்கொள்ளவேண்டும் போலிருந்தது. நாம் படித்த பக்கம்தானே, அதைத் திரும்பப் பார்ப்பதில் சட்டமீறல் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, தை மாதம் ஒரு மத்தியானம் பரணில் ஏறிப் புத்தகத்தை எடுத்தேன்.

குக்கரைக் காணோம். முன்னால் புரட்டினேன், பின்னால் புரட்டினேன். ஆடும் இல்லை. மூத்தவன் துறைமுகத்துக்குப் போகிறான், அடுத்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் மூட்டை அடுக்குச் சரிந்து செத்துப்போகிறான். ஊருக்கு ஆள் வந்து சொல்கிறான். இரண்டு வரி. அதற்குப் பிறகு புத்தகம் முழுக்க அவன் இல்லாத குடும்பம்தான். தங்கச்சி கல்யாணம் நிற்கிறது, அப்பா குடிக்கிறார், தம்பி ஊரைவிட்டுப் போகிறான்.

பரணிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. களத்தைக் கடந்து அவள் வீட்டுக்குப் போனேன். ஓர்ப்படியா மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தால் வாயிலிருந்து மரியாதை போய்விடும்.

"ஏன்க்கா, இதுல எங்க இருக்கு குக்கரு?"

புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "யாரும் முன்னாடி படிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?"

"பேச்ச மாத்தாத. அவன் துறைமுகத்துக்குப் போனதுக்கு அப்புறம் நீ வாசிச்சது எதுவுமே இதுல இல்ல. முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சிருக்க. ஒருத்தர் கஷ்டப்பட்டு எழுதுனத மாத்த நீ யாரு?"

அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. மிளகாய் முறத்தைத் தள்ளினாள். "மாத்தணும்னு நெனச்சா மாத்துனேன்? வாய் ஒரு வரி வாசிக்கும்போது கண்ணு அடுத்த வரில இருக்கும்டி. செத்துட்டான்னு இருக்கு. எதிர்க்க அண்ணி உக்காந்துருக்கு, கையில கத்தியோட. 'ம்'னு கேட்டுக்கிட்டு. அந்த வாயால நான் அத எப்படி வாசிப்பேன்? நீயா இருந்தா வாசிச்சிருப்பியா?"

நான் புத்தகத்தை மூடினேன்.

"வாயத் தொறந்தேன், பையன் ஊருக்கு வரான்னு வந்துடுச்சு. வரவன் வெறுங்கையோடயா வருவான்? அதான் குக்கரு."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். கோபம் பாதி அண்ணியை நினைத்துத் தணிந்தது, மீதிப் பாதி வேறு ரூபம் எடுத்துக்கொண்டது. நான் இத்தனை நாள் பொறாமைப்பட்டது இவள்மேலா என்ற கோபம் அது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

"சரி, வைகாசிக்கு என்ன பண்ணுவீங்க?" என்றேன். மரியாதை திரும்பிவந்துவிட்டது. "மிச்சக் கதை பூரா அவன் செத்ததுமேலதான் நடக்குது. அவன் உசுரோட இருந்தா அப்பா எதுக்குக் குடிக்கணும், கல்யாணம் எதுக்கு நிக்கணும்? தெனம் தெனம் வாயால இட்டுக்கட்ட முடியுமா?"

"எனக்கும் அதே ரோதனதான், தூக்கம் வரல" என்றாள். "நீதான் எழுதுறவளாச்சே. எழுது."

அப்படித்தான் நாங்கள் எழுத ஆரம்பித்தோம். தை, மாசி, பங்குனி மூன்று மாதமும், மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் வீட்டு அடுப்படியில். ஆண்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு ஓர்ப்படிகள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் திரும்பவும் பாகப்பிரிவினையோ என்று என் கணவருக்குப் பயம் வந்துவிட்டது. கிழித்துப்போட்ட காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினோம். புத்தகத்துக்குள் செருகி வைத்தால் வாசிக்கும்போது யாருக்கும் சந்தேகம் வராது.

எழுதியது என்கிறேன், பாதி நேரம் சண்டைதான். அவளுக்கு எல்லாம் நல்லதாகவே நடக்கவேண்டும். மூத்தவனுக்குப் பதவி உயர்வு, வீட்டுக்குக் காங்கிரீட், அம்மாவுக்குத் தோடு. "அத்தியாயத்துக்கு ஒரு விருந்து வைக்கிறீங்களே, இது கதையா கல்யாணப் பத்திரிகையா? எங்கயாவது ஒரு கல்லு தடுக்கணும்க்கா, அப்பதான் நடக்கிறது தெரியும்" என்று நான் கத்துவேன். தம்பிக்காரனுக்கும் மூத்தவனுக்கும் ஒரு சண்டை வைக்க அவளிடம் ஒரு வாரம் போராடினேன். நான் எழுதுகிற வாக்கியத்தை அவள் சும்மா விடமாட்டாள். "அந்தி வானம் குருதி பூசிக்கொண்டது" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்துவிட்டு, "யாருக்கு அடிபட்டுச்சு?" என்றாள். அடித்துவிட்டுப் "பொழுது சாய்ந்தது" என்று எழுதினேன். அவளிடம் நான் திட்டு வாங்கினேன், என்னிடம் அவள் திட்டு வாங்கினாள். காலேஜ் முடித்த பிறகு அத்தனை சந்தோஷமாக நான் எழுதியதே இல்லை. எழுதி முடித்தால் யாராவது கேட்பார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பங்குனியில் கல்லங்குறிச்சிப் பெருமாள் தேருக்குப் போய்வந்தோம். வந்த வேகத்தில் ஓர்ப்படியா மூத்தவனையும் குடும்பத்தோடு ஒரு பெருமாள் கோயிலுக்கு அனுப்பிவிட்டாள். உப்பளத்து ஊரில், கல்லங்குறிச்சியில் கொட்டுவதுபோலவே கம்பு, சோளம் காணிக்கை கொட்டுகிறார்கள். வேண்டாம், காட்டிக் கொடுத்துவிடும் என்றேன். கேட்கவில்லை.

வைகாசியில் விதை வெங்காயம் பிரிக்க உட்கார்ந்தோம். முதல் நாளே அண்ணி எங்களுக்கு முன்னால் வந்து பட்டறையில் காத்திருந்தார். "அவன் திரும்பத் துறைமுகத்துக்குப் போயிட்டானா, ஊர்லதான் இருக்கானா? எனக்கு மறந்துபோச்சு" என்றார். மறந்ததாக முகம் சொல்லவில்லை. ஓர்ப்படியா மஞ்சப்பையை இறக்கி, புத்தகத்தை மடியில் வைத்து, செருகியிருந்த தாளை விரலால் அழுத்திக்கொண்டு வாசித்தாள். கோயில் காணிக்கை வந்தபோது அண்ணி, "நம்ம கல்லங்குறிச்சி மாரியே இருக்கே" என்றார். ஓர்ப்படியா தும்முவதுபோல் பாசாங்கு செய்தாள்.

போகப் போக அண்ணிக்கு வாய் வந்துவிட்டது. மூத்தவன் அப்பாவோடு பேசாமலிருந்தால், "போயி பேசச் சொல்லு, அப்பன்தானே" என்பார். அவன் இளைத்துவிட்டான் என்று வந்தால், "ஓட்டல் சோறு ஒடம்புல ஒட்டுமா?" என்பார். ஒரு நாள் கம்பு உருண்டை கொண்டுவந்து எங்கள் கையில் கொடுத்தார். மகன் போன பிறகு அவர் வீட்டில் பலகாரமே செய்யவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அன்றைக்கே கேட்டார், "ஏம்மா, அவனுக்கு ஒரு பொண்ணு பாக்க மாட்டாங்களா அந்த வூட்டுல?"

அது எங்கள் கதையில் இல்லை. ஓர்ப்படியா என்னைப் பார்த்தாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்று சும்மாவா சொன்னார்கள். மறுநாள் மத்தியானத்துக்குள் பெண் பார்த்து, நாள் குறித்து, தாலி கட்டிவைத்தோம். அந்தக் கல்யாணத்தைக் கேட்டபோது அண்ணி முகத்தில் இருந்த தெளிவைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம் வந்தது. இந்தப் பையனையும் இவர் இழக்கவேண்டி வந்தால் என்ன செய்வார் என்ற பயம்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. முடிந்த புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகும் முறை அந்த வருடம் அண்ணியுடையது. இதை நாங்கள் எழுதுகிற வெறியில் யோசிக்கவே இல்லை. கடைசி நாள் வாசித்து முடித்ததும் அண்ணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"குடு, இந்த வருஷம் என் மொற."

"அண்ணி, இத டவுன்ல ஒருத்தருக்குத் தரேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள் ஓர்ப்படியா.

"படிச்சிட்டுத் தரேன். கல்யாணத்த இன்னொரு தரம் படிக்கணும்."

"அட்டை கிழிஞ்சிருக்கு, ஒட்டித் தரோம்."

"எனக்கு அட்டையா வேணும்?"

மறுநாள் காலையில் தருவதாக வாயைக் கொடுத்து ஒருவழியாக அனுப்பினோம். அவர் வரப்பில் இறங்கி மறைந்ததும் ஓர்ப்படியா மூத்தவன் சாகிற பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "கிழிச்சிடுவோம்டி" என்றாள். எத்தனை பக்கத்தைக் கிழிப்பது? அவன் செத்த பிறகு பாதிப் புத்தகம் இருக்கிறதே. புத்தகத்தையே கிணற்றில் போட்டுவிட்டுத் தவறி விழுந்தது என்று சொல்லலாம் என்றாள். அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணியிடம் நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்றேன். "நீ போய்ச் சொல்லு" என்றாள். பூனைக்கு மணி கட்ட எனக்கும் தைரியம் இல்லை. கடைசியில் காலண்டர் தாள்களை உருவி எடுத்துவிட்டுப் புத்தகத்தை மட்டும் கொடுத்தோம். கொடுத்தது நான். அண்ணி அதை அரிசிப் பை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அண்ணி வரவில்லை. ஆனியில் எங்கள் நடவுக்கு அவர் வந்திருக்கவேண்டும். வேறு ஆளை அனுப்பினார். அவர் நடவுக்கு நாங்கள் போனபோது வீட்டிலிருந்து வெளியே வரவில்லை, தலைவலி என்று சொல்லியனுப்பினார். ஓர்ப்படியா சோறு இறங்காமல் திரிந்தாள். "நல்லது பண்ணப் போயி அவங்கள ரெண்டாவது தரம் கொன்னுட்டேன்" என்று என்னிடம் அழுதாள். நானும்தானே எழுதினேன் என்றேன். வேறு என்ன சொல்வது? எனக்கும் அதே எண்ணம்தான்.

நட்ட வெங்காயம் முளைத்து முதல் களை எடுக்கிற சமயத்தில், ஒரு காலையில் அண்ணி வந்தார். நாங்கள் இருவரும் பட்டறை நிழலில் கூழ் குடித்துக்கொண்டிருந்தோம். அவர் கையில் புத்தகம் இருந்தது. எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார்.

ஓர்ப்படியா தூக்குச்சட்டியை வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்தாள். "அண்ணி, நான் வேணும்னு பண்ணல."

"தெரியும். கையை எடு, கூழு ஒட்டுது" என்றார் அண்ணி. குரலில் கோபம் இல்லை. "குக்கரு இல்ல. கோயிலு இல்ல. கல்யாணம் இல்ல. மொத ரெண்டு நாளு உங்க மேல ஆத்திரமாத்தான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். இவளுங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து ஒரு வேலை செஞ்சதே அதிசயம். எனக்காகத்தானே செஞ்சாளுங்க."

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க எழுதுனது எனக்குப் புடிச்சுது. அவன் வரான், போறான், கட்டிக்கிறான். கேட்டுட்டு வூட்டுக்குப் போனா எம்புள்ள இல்ல. அது உங்க குத்தமில்ல." புத்தகத்தைப் பிரித்து அந்த இடத்தைக் காட்டினார். "இவரு எழுதுனதுதான் எனக்குப் பொறுக்கல. பாரு, ரெண்டு வரி. ஒரு ஆளு வந்து சொன்னான், அவள் விழுந்தாள். அவ்வளவுதான். அடுத்த வரியில காரியம் முடிஞ்சிடுச்சு. அந்தப் பொம்பள அப்ப என்ன செஞ்சிட்டிருந்தா? யாரு அவளத் தூக்குனா? ஒண்ணும் இல்ல. ஒரு புள்ள செத்தா ரெண்டு வரியா?"

என்னைப் பார்த்தார். "உங்க கதையில அவன சாகடிங்க. ஆனா ஒழுங்கா எழுதுங்க. எப்படின்னு நான் சொல்றேன். நீ எழுது."

காலண்டர் தாளுக்கு ஓர்ப்படியா வீட்டுக்கு ஓடினாள். தாள் வந்ததும் நான் தரையில் புத்தகத்தை வைத்து அதன்மேல் தாளை விரித்துக்கொண்டேன்.

"நான் தோசைக்கு மாவு அரைச்சிட்டிருந்தேன்" என்றார். "அவன் வந்தா ராத்திரிக்குத் தோசை கேப்பான். கிரைண்டர் ஓடுது, வெளில மழை. போனு மாடத்துல இருந்துச்சு. எனக்குக் கேக்கல. நிறுத்திட்டுக் கை கழுவிட்டு வந்து பாக்குறேன், போன் வந்து நின்னிருக்கு."

எழுதினேன். அவர் நான் எழுதி முடிக்கிறேனா என்று தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு அண்ணி போன் பண்ணது?" என்று ஓர்ப்படியா கேட்டாள்.

"அவன் நம்பருதான்" என்றார் அண்ணி. "அவன் பண்ணானா, பக்கத்துல நின்ன யாராச்சும் எடுத்துப் பண்ணாங்களான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் யாரையும் கேக்கல. அவன் அப்பாகிட்ட கூட இத சொல்லல. திரும்பப் போட்டேன், மணி அடிக்குது, எடுக்கல. சரி, வண்டியில வரான்போலன்னு நெனச்சிக்கிட்டு மறுபடி மாவ வழிக்கப் போயிட்டேன்."

ஓர்ப்படியா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கண் மறைத்தது. பேனாவை நிறுத்தினேன்.

"நிறுத்தாத" என்றார் அண்ணி. "மாவ வழிக்கப் போயிட்டேன்னு எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் அண்ணி."

"உப்பு போட்டுக் கரைச்சு மூடி வச்சேன், அதையும் எழுது. அவன எடுத்துட்டுப் போன மறுநாளு, அது புளிச்சுப் பொங்கி அடுப்படி பூரா வழிஞ்சு கெடந்துச்சு. யாரோ தொடைக்க வந்தாங்க. தொடைக்க விடாம நான் அங்கயே உக்காந்திருந்தேன்."